கணுக்கால் கண்டவர்

மனிதர்களைக் கண்டால் முகத்தைப் பார்க்காமல் முட்டியைப் பார்க்கும் ஓர் இனம் உண்டு. எங்கள் ஓஷ் நகரச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஜிம்மில், அந்த இனத்தின் சிறந்த மாதிரியாக பயிற்சியாளர் எர்மெக், கோளாறுகளைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் அட்டையும் பேனாவுமாக நிற்கிறார். நீங்கள் சலாம் சொல்லிக் கை நீட்டினால் வலத் தோள் ஒரு விரற்கடை இறங்கியிருப்பதாகக் குறித்துக்கொள்வார். தும்மினால் விலா விரியவில்லை என்பார். சும்மா நின்றால், அப்படி நிற்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார். கோளாறே இல்லாத உடம்பு உண்டா? உண்டு. அவருடையது.

சென்ற மாதம் அவரிடம் ஷாமுர்சா வந்தார். முப்பது வருடம் மலைப்பாதையில் லாரி ஓட்டி இடுப்பு இறுகிப்போன மனிதர். மகனுக்குப் பெண் பேசி முடித்து, மூன்று வாரத்தில் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருவதாக இருந்தது.

"தம்பி, மூணு மணி நேரம் தரையில சம்மணம் போட்டு உக்காரணும். இப்ப பத்து நிமிஷம்கூட தாங்கல, காலை நீட்டிடறேன். சம்பந்தி முன்னாடி ரொட்டிக்கு நேரா காலை நீட்டினா என் மானம் போயிடும்."

"அதெல்லாம் அப்புறம் அண்ணே. கையைத் தூக்கிட்டுக் குந்துங்க."

குந்தினார். குதிகால் தரையை விட்டு எழும்பியது. எர்மெக்குக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"கணுக்கால் இறுக்கம். மூலகாரணமே இதுதான் அண்ணே."

எங்கள் பெரியவர்கள் வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றுவார்கள். உள்ளே முழங்கால் வரை போட்டிருக்கும் தோல் காலுறையைப் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார்கள். ஷாமுர்சாவும் கால்சட்டைக்குள் அதோடுதான் குந்தினார். பழைய தோல், விறைத்துப்போனது. அதற்குள் சர்க்கஸ்காரன் கணுக்கால்கூட வளையாது. உடை மாற்றும் அறையில் அதைப் பார்த்துவிட்டு எர்மெக்கிடம் போய்ச் சொன்னேன்.

"அட்டையில அதுக்குக் கட்டமே இல்லையே," என்றார். "அது இருக்கட்டும், நீங்க ஏன் கழுத்தை முன்னால தள்ளிப் பேசறீங்க?"

நான் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

எட்டுப் பயிற்சிகள், எட்டும் கணுக்காலுக்கு. முட்டியால் சுவரைத் தொடுவது, படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிடுவது, ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பது என்று பாவம் அந்த மனிதர் ஒருநாள் விடாமல் செய்தார். 'தரையில கொஞ்சம் உக்காந்து காட்டுங்க' என்று எர்மெக் ஒரு தடவையாவது கேட்டாரா? கேட்டால் இடுப்பு தெரிந்துவிடுமே.

விருந்தில் பத்தாவது நிமிடம் வலது கால் தானாக நீண்டு ரொட்டிக்கு நேரே நின்றது. பெண்ணின் தகப்பனார் ரொட்டியை எடுத்துத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஷாமுர்சா ஒரு வாய் சாப்பிடவில்லை.

அந்தக் காலின் மேல் வந்த ஆத்திரத்தில் தோல் காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மறுநாள் வெறுங்காலோடு ஜிம்முக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் எர்மெக் குந்தச் சொன்னார். குதிகால் தரையில் பதிந்து நின்றது.

"பாத்தீங்களா அண்ணே, மூணே வாரத்துல குணமாயிடுச்சு."

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் 'முதுகு ஒரு மாதிரியா...' என்று தொடங்கினாரே, அந்த வாக்கியத்தை முடித்தது யார், அவரா, நீங்களா?