எலும்பு ஊசியும் நம்பர் பிளீஸ் அம்மாளும்

திருத்தணி மக்கள் மலைமேல் நிற்பவருக்கு அடுத்தபடியாக அதிகம் வேண்டிக்கொண்டது நம்பர் பிளீஸ் அம்மாளிடம்தான். இதனை மிகை என்பவர்கள் எழுபதுகளில் அவ்வூரிலிருந்து சென்னைக்கு ஒரு டிரங்க் கால் போட்டுப் பார்த்திராதவர்கள்.

அம்மாளைப் பற்றிய கதைகள் பல. மந்திரி ஒருவருக்குப் போக வேண்டிய அழைப்பை மாட்டுத் தரகருக்குக் கொடுத்தார் என்றும், இருவரும் ஆள் மாறியதை உணராமலே பேசி மனநிறைவோடு முடித்தனர் என்றும் ஒன்று உண்டு. முறிந்துபோக இருந்த சம்பந்தம் ஒன்றை நடுவில் புகுந்து பேசி நிச்சயம் செய்து வைத்தார் என்பது இன்னொன்று. இவற்றுள் எதற்கும் இங்கே இடமில்லை. அப்படி ஒரு கதையைச் சேர்த்துவிட்டால் நான் சொல்லவிருக்கும் உண்மையும் அதனோடு சேர்ந்து கதையாகிவிடும். அம்மாளுக்கு அது நியாயம் ஆகாது. ஆகவே நானே கண்ணால் கண்டும் காதால் கேட்டும் அறிந்தவை, அம்மாள் தம் வாயால் என்னிடம் சொன்னவை, மருத்துவர் என் எதிரில் சொன்னவை ஆகிய மூன்றையும் தவிர வேறெதையும் எழுதவில்லை.

அஞ்சலகத்தின் பின்பகுதியில் தொலைபேசி நிலையம் இருந்தது. நடுவே ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்கு இப்பால் தந்தி எழுத்தனாக நான்; அப்பால் இணைப்பு கொடுக்கும் அம்மாள். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய இயற்பெயரை நான் அறிவேன். ஊர் அதைப் பயன்படுத்தவில்லை என்பதால் நானும் விட்டுவிடுகிறேன். வியப்பு என்னவென்றால், ஆபரேட்டர்கள் வழக்கமாகக் கேட்கும் 'நம்பர் பிளீஸ்' என்பதை அவர் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. எண்ணைக் கேட்டறிய வேண்டிய நிலையில் அவர் இருந்ததே இல்லை.

அந்நாளில் தொலைபேசியின் கைப்பிடியைச் சுழற்றினால் நிலையத்துப் பலகையில் சிறு தகடு ஒன்று விழும். அழைப்பவர் யார் என்பதை அத்தகடு காட்டிவிடும். எந்த மனநிலையில் அழைக்கிறார் என்பதை, அது விழுந்த வேகத்தைக் கொண்டு அம்மாள் கண்டறிவார். அரிசி ஆலைக்காரரின் தகடு தடதடத்தால், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, குடித்து முடிக்கும் ஓசையைக் கேட்ட பிறகே அரக்கோணத்தை இணைப்பார். தேடப்படுபவர் வீட்டில் இல்லையென்றால் அவ்வீட்டு மணியை வீணாக அடிக்க விடமாட்டார்.

"இப்ப வூட்ல இருக்க மாட்டாரு. மருந்துக் கடையில குந்திகினு பேப்பர் படிச்சிகினு இருப்பாரு. அங்க போடறேன், பேசுங்க."

இத்தகைய அம்மாள் ஒரு கோடையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் ஏதோ நெரிந்து அப்படியே அமர்ந்துவிட்டார். நானும் என் மனைவியும் அவரை அரக்கோணத்திற்கு அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், முதுகெலும்பின் கணு ஒன்று அமுங்கிப்போயிருப்பதைக் காட்டினார். இள வயதிலேயே கருப்பையையும் அதனை ஒட்டிய உறுப்புகளையும் அகற்ற நேர்ந்ததால், முதுமைக்கு முன்பே எலும்பு நொய்ந்துவிட்டது என்று விளக்கினார். அம்மாளுக்கு அப்போது ஐம்பது ஆகவில்லை.

செய்தி ஊரில் பரவியதும் ஊர் ஒரே குரலில் புத்தூர் என்றது. எலும்பு என்றால் எங்கள் பக்கத்தில் புத்தூர்க் கட்டுதான். கை முறிந்தாலும் கால் பிசகினாலும் ஆந்திர எல்லையைக் கடந்து ரயிலேறிப் போய்க் கட்டிக்கொண்டு வருவது வழக்கம். அக்கட்டு முறிந்த எலும்புக்கு உரியதே தவிர நொய்ந்த எலும்புக்கு அன்று என மருத்துவர் சொல்லியிருந்தார். ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை. வேலூர் கேட்டு அழைத்தவரும் புத்தூரைப் பரிந்துரைத்த பிறகே வேலூரைக் கேட்டார். எல்லாரையும் கேலி பேசும் அம்மாள் புத்தூர் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் கேலியை விட்டுவிடுவார். எங்கு வேண்டுமானாலும் வருவேன், புத்தூருக்கு மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இணைப்பைக் கொடுத்துவிடுவார். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

மருத்துவர் மூன்று வாரத்திற்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி ஒன்றை எழுதித் தந்தார். ஊர் அதற்கு எலும்பு ஊசி என்று பெயரிட்டது. ஆண்களின் உடலில் சுரப்பதை ஒத்த மருந்து அது என்றும், எலும்புக்கு வலுவூட்டி வலியைக் குறைக்கும் என்றும் சொன்ன மருத்துவர், பெண்களுக்கு அதனால் வரக்கூடிய தீங்குகளையும் மறைக்கவில்லை. கால் வீங்கலாம்; முகத்தில் பருவும் மோவாயில் முடியும் தோன்றலாம்; குரல் தடிக்கலாம். மற்றவை ஊசியை நிறுத்தினால் தணியும். குரல் மாற்றத்தைத் தொடக்கத்திலேயே கண்டு நிறுத்தாவிட்டால், போன குரல் போனதுதான்.

"உங்க குரல் மாறறது உங்க காதுக்குத் தெரியாதும்மா. தினம் கேக்கறவங்க யாராவது பாத்துகினு இருந்து சொல்லணும்" என்றார் மருத்துவர்.

"தினம் கேக்கறவங்களா? ஊரே கேக்குது டாக்டர்" என்றார் அம்மாள்.

மறுநாள் முதல் திருத்தணியின் சந்தாதாரர் அனைவரும் அவருடைய குரற்காவலர் ஆயினர். தகடு விழுந்ததும் அம்மாள் கேட்கும் முதற்கேள்வி, "கொரலு எப்டி இருக்குது? சொன்னாத்தான் லைன்."

இந்த ஏற்பாட்டில் இருந்த குறையை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. லைன் வேண்டி நிற்பவன் வேறு என்ன சொல்வான்? ஆலைக்காரர் வெண்கல மணி என்றார். வெல்ல மண்டிக்காரர் தம் தொழிலை ஒட்டிப் பாகு என்றார். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து பேசும் புடவை வியாபாரி ஒருவர், போன வாரத்தைவிட இப்போது குரல் இளைத்து அழகாகிவிட்டது என்று சொல்லி, பம்பாய் அழைப்பைக் காத்திருக்காமல் பெற்றார். அச்செய்தி பரவிய பிறகு புகழ்ச்சிக்கு அளவே இல்லாமல் போயிற்று.

உண்மை சொன்னவர் ஒருவர்தான். லாரிப் பட்டறை வைத்திருந்த பாய்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. தொண்ட கட்டிக்கினா மாரி கீது."

"லாரி எஞ்சின்ல தலைய வுட்டுகினே கெடந்தா காது அப்டித்தான் பாய் கேக்கும்" என்று அம்மாள் அவரை மடக்கிவிட்டார். அன்று பாய்க்குச் சென்னை கிடைத்தபோது உதிரிபாகக் கடை சாத்தியிருந்தது.

மற்ற சோதனைகளை அம்மாள் பழுதறச் செய்தார். மாலைதோறும் கட்டைவிரலால் கணுக்காலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பார். கைக்கண்ணாடியில் மோவாயை ஆராய்வார். இதனைச் சன்னல் வழியே கண்ட எதிர் வரிசைச் சலூன்காரர், அப்படி ஏதும் முளைத்தால் முதல் சவரம் தம் கடையில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பிறகு ஒரு வாரம் அவருடைய அழைப்புகளுக்கு ஏனோ எல்லா ஊர்களும் 'பிசி'யாக இருந்தன. ஊசியோடு விழுங்கிய சுண்ணாம்புச் சத்து மாத்திரை வயிற்றை இறுக்கிற்று. அதையும் அம்மாள் சந்தாதாரர்களிடம் ஒளிக்கவில்லை. விளைவாகப் பப்பாளியும் கொய்யாவும் வந்து குவிந்து, தொலைபேசி நிலையம் பழக்கடைபோல் மணந்தது.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவர் அவரைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் கோடிட்டுப் பார்ப்பார். முதுகெலும்பு அமுங்கினால் உயரம் குறையும். அதைக் கண்டறிய அன்று அதைவிட எளிய வழி இல்லை. புதுக் கோடு பழைய கோட்டுக்குக் கீழே விழுந்த நாளில் அம்மாள் அதை ஏற்க மறுத்தார்.

"செவுரு வளந்துகினு போவுது டாக்டர். கொத்தனாரக் கூட்டிகினு வந்து பாருங்க" என்றார்.

ஆனால் வலி குறைந்திருந்தது. நாள் முழுதும் பலகையின் முன் அவரால் உட்கார முடிந்தது. ஊசி அவருக்குத் தேவைப்பட்டது. அதனினும் தேவையான ஒன்று அவருக்கு இருந்ததை நான் அதன் பிறகே அறிந்தேன்.

பிற்பகலில் அழைப்புகள் ஓய்ந்ததும் அம்மாள் புத்தூர் நிலையத்தை அழைத்து லைனைச் சோதிப்பார். அங்கே பணியிலிருந்தவர் மனைவியை இழந்த தெலுங்கர். தெலுங்கு மரியாதையோடு அம்மாள் அவரைப் புத்தூர்காரு என்பார். அவர் இவரைத் திருத்தணிகாரு என்பார். நகரியில் மழை பெய்ததா, மாங்காய் இறங்கிற்றா, மதியம் என்ன குழம்பு என்பனவே பேச்சு. இப்படிப் பல ஆண்டுகளாக லைன் சோதிக்கப்பட்டு வந்தது. திருத்தணி, புத்தூர் இடையே இருந்த கம்பி அளவுக்கு நன்கு சோதிக்கப்பட்ட கம்பி இந்நாட்டில் வேறு இருந்திராது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ரயிலில் ஏறினால் சிறிது நேரத்துப் பயணம்.

ஒருநாள் நானும் ஊரைப் போலவே புத்தூர்க் கட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். அம்மாள் தலையில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவருக்கு நான் கொரலு மட்டும்தான் தந்தி சார். இந்தக் கூனோட போயி எதுர நின்னா, இத்தன வருசமா பேசிகினு இருந்தது யாருன்னு தேடுவாரு. கொரலுக்குக் கூன் வுழாது இல்ல?"

குரல் எப்படி என்று ஊரையெல்லாம் கேட்ட அந்தக் கேள்வியை அவர் புத்தூர்க்காரரிடம் மட்டும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அவ்வாண்டு புத்தூர்க்காரர் தம் சொந்த ஊருக்கு நீண்ட விடுப்பில் போனார். நாள்தோறும் கேட்கிற காது மெல்ல மாறும் குரலை அறியாது. பல வாரங்கள் கேளாதிருந்த காது அப்படியன்று. அவர் திரும்பிய பிற்பகலில், "புத்தூர்காரு, திருத்தணி" என்று அம்மாள் அழைத்ததைத் தடுப்புக்கு இப்பாலிருந்து கேட்டேன். எதிர்முனையின் சொற்கள் அன்றே அம்மாள் எனக்குச் சொன்னவை.

"புதுசா வந்திருக்கீங்களா சார்? அம்மா லேதா, இல்லையா? கொஞ்சம் கூப்பிடுங்க சார்."

பலகையில் தகடுகள் விழுந்தன. எடுப்பார் இல்லை. அந்த நிலையத்தில் அப்படி ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நான்தான்" என்றார் அம்மாள்.

சளி பிடித்திருக்கிறதா என்று புத்தூர்க்காரர் கேட்டார். இல்லை, எலும்புக்கு ஊசி என்றார் அம்மாள். இவ்வளவு இறங்கும்வரை யாருமே சொல்லவில்லையா என்றார் அவர். ஊரையே கேட்டதாகவும், ஊர் குயில் என்றதாகவும் அம்மாள் சொன்னார்.

"வாள்ளக்கு லைன் காவாலி கதம்மா. லைன் வேணும்கிறவங்க எப்டி சொல்லுவாங்க? நீங்க இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. அந்தக் கொரல நான்..."

அதற்குள் ரேணிகுண்டா நிலையத்தின் அழைப்பு குறுக்கே வந்துவிட்டது. அந்த வாக்கியத்தின் எஞ்சிய பகுதி எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாளுக்கும் கிடைக்கவில்லை.

அன்று மாலையே அரக்கோணம் போனோம். மருத்துவர் குரலைக் கேட்ட மாத்திரத்தில் ஊசியை நிறுத்தினார். வலி திரும்பலாம், கூன் கூடலாம் என்பதை ஒளிக்காமல் சொன்னார். அம்மாள் தலையசைத்தார். இடுப்புக்குப் பட்டை, காலை வெயிலில் நடை, குடம் தூக்கத் தடை, சுண்ணாம்புச் சத்தோடு வைட்டமின் மாத்திரை என்று சிகிச்சை மாறிற்று. தாகமோ குமட்டலோ மிகுந்தால் உடனே வந்து சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். அவற்றையெல்லாம் அம்மாள் வரி தவறாமல் கடைப்பிடித்தார். குயில் என்றவர்கள் நெடுநாள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். பட்டறை பாய் கேட்காத ஊர்களுக்கெல்லாம் லைன் பெற்றார்.

அதன்பின் குரற்காவல் ஒருவரிடமே விடப்பட்டது. பிற்பகல்தோறும் அம்மாள் ஊர்ப்பெயரைச் சொல்வார். நேற்றைக்கு இன்று தேவலை என்றோ, அப்படியே இருக்கிறது என்றோ புத்தூரிலிருந்து பதில் வரும். சில மாதங்களில் குரல் ஓரளவு தெளிந்தது. பழைய சுருதிக்கு ஏறவில்லை. முதுகு மேலும் சிறிது வளைந்தது. ஒருநாள் அம்மாள் வழக்கம்போல் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மறுமொழியைக் கேட்டபின் தடுப்பின் இடுக்கு வழியாக என்னை அழைத்தார்.

"இனிமே டெஸ்ட் வேணாமாம் சார். 'இந்தக் கொரலே சாலு'ன்னுட்டாரு."

சாலு என்றால் போதும் என்று பொருள். அதை அவர் எனக்கு விளக்கவில்லை. எல்லை ஊரில் விளக்க வேண்டியதும் இல்லை.

எண்பதுகளில் தானியங்கி நிலையம் வந்தது. பலகையைக் கழற்றினார்கள். சந்தாதாரர்கள் தாமே எண்களைச் சுழற்றித் தவறான வீடுகளோடு பேசத் தொடங்கினார்கள். அம்மாளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போவதற்கு முந்தைய வாரத்தில், என் மனைவியை வரவேற்க ரயில் நிலையம் சென்ற இடத்தில், ரேணிகுண்டா பக்கம் போகும் நடைமேடையில் அவரைக் கண்டேன். புதுச் சுங்குடிப் புடவை. உள்ளே பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தது தெரிந்தது.

எங்கே பயணம் என்று கேட்டேன்.

"புத்தூருக்குத்தான். ஊரே சொல்லிகினு இருந்துது, கட்டு போட்டுக்கோ கட்டு போட்டுக்கோன்னு. இத்தன பேரு சொல்றத ஒரு தடவையாவது கேக்கணும் இல்ல சார்?"

மருத்துவர் வேண்டாம் என்றதை நினைவூட்டினேன். அவர் சிரித்தார். வண்டி வருவது தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"கூனு ரொம்பத் தெரியுதா தந்தி சார்? லைன் இல்ல இப்ப என்கிட்ட. உள்ளதச் சொல்லுங்க."

தெரிகிறது என்றேன்.

"ஆங்" என்றார். முந்தானையை முதுகின்மேல் சற்று இறக்கிவிட்டுக்கொண்டு, என் கையைப் பற்றிப் படியேறினார். சன்னலோரம் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அவ்வாரமே அவர் புதிய ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் புத்தூரில் இறங்கினாரா, அங்கே அவருக்காக ஒருவர் நின்றிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அன்று வண்டி நேரத்தோடு போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது. சேர்ந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.