கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பிரஷ்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒற்றைப் பல்லைக் காப்பாற்ற ஒரு மனிதர் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்; அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். அன்று பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி மல்லாந்திருந்தார். முன்பல் ஒன்று ஆடியது. ஈறெல்லாம் ரத்தச் சிவப்பு.

"பிரஷ்ஷை எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பாத்ரூம்லதான். நான், என் வீட்டுக்காரி, மச்சினன், மூணு பேரோடதும் ஒரே டம்ளர்ல."

"நல்லாயிருக்கு! ஈரத்தோட ஒண்ணை ஒண்ணு கட்டிப்பிடிச்சுக்கிட்டு, பக்கத்துலயே கக்கூஸ் வேற. தனியா வைங்க, நிமிர்த்தி வைங்க, காத்துல காய விடுங்க. பிரஷ்ஷும் மெத்துன்னு இருக்கணும். ஒரு மாசம் பார்ப்போம். ஈறு ஆறலைன்னா அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்."

பிடுங்குவதா! அந்தப் பல்லின் இடுக்கு வழியாகத்தானே அவருடைய சீட்டி வெளியே வரும்? சீட்டி இல்லாவிட்டால் ஒரு திருகாணிகூட அவர் கைக்கு அடங்காது. அந்தச் சீட்டியைக் கேட்டுத்தான் ஒரு காலத்தில் அவர் மனைவியே ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார். மனைவி தன் பிரஷ்ஷை எடுத்து அலமாரிக்குள் வைத்துக்கொண்டாள். மச்சினன் மட்டும் தன்னுடையதை டம்ளரிலேயே விட்டுவிட்டான். அவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஊரெல்லாம் எழுத்தாய் எழுதித் தள்ளுவான். வாயைத் திறக்க மட்டும் நாள் பார்ப்பான். பல் கூச்சம் உள்ளவன் என்பதால் அவனுடையது பஞ்சு மாதிரி மெத்தென்ற பிரஷ். நிறம் மட்டும் எல்லோருடையதையும் போல அதே நீலம்.

கடிகாரக்காரர் முதலில் தன் பிரஷ்ஷுக்கு ஒரு மூடி மாட்டினார். மூன்றாம் நாள் மூடியைக் கழற்றினால், ஒரு வாடை.

"என்னங்க, ஈரத்துணியை மூட்டை கட்டி வச்ச மாதிரி நாறுது!" என்று மூக்கைப் பொத்தினாள் மனைவி.

"கிருமி! இரு, ஒழிச்சுக் கட்டுறேன்" என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டார். கிருமி ஒழிந்ததோ என்னவோ, பிரஷ் நாயைக் கண்ட பூனை மாதிரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

புதிதாய் ஒன்றை எடுத்தார். ஜன்னல் கம்பியில், கடிகாரச் சுருள்கம்பியால் கட்டி நிமிர்த்தி வைத்தார். காற்று வந்தது. டாக்டரம்மா கேட்டதைவிடக் கொஞ்சம் பலமாகவே வந்தது.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா நின்றாள். கொண்டையில் கம்பி சிக்கி, காதோரம் பிரஷ் தொங்கிக்கொண்டிருந்தது.

"வானத்துல இருந்து எனக்கு நகை வந்திருக்கு. உங்க வீட்டுதா பாருங்க."

மனைவி ஒரு பிரஷ்ஷைக் கொண்டுவந்து கணவர் கையில் திணித்தாள். "இதுதான் கடைசி. இதையும் தொலைச்சீங்கன்னா அப்புறம் விரல்தான்!"

மச்சினன் தலை குனிந்து சிரித்தான். 

கடிகாரக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய மேசைக் கடிகாரம் ஒன்றின் கண்ணாடிக் கூண்டை எடுத்துப் பளபளவென்று துடைத்தார். உள்ளே பித்தளைக் குழாயில் பிரஷ்ஷை நிமிர்த்தி நிறுத்தினார். அடியில் மூன்று பல்சக்கரங்களை முட்டுக்கொடுத்து, காற்று நுழைய விரற்கடை இடைவெளி விட்டார். முன்னறையில், தன் வேலை மேசையின் நடுவில், ராஜா மாதிரி உட்கார வைத்தார்.

கடிகாரம் வாங்கிப் போக வந்த ஒருவர் குனிந்து பார்த்தார். "இது என்னங்க, முள்ளு ஒண்ணுதான் இருக்கு?"

"நேரம் காட்டாது. என் பல்லைக் காக்கும்."

காலையில் எழுந்தால், மூக்குக்கண்ணாடி மாட்டும்வரை அவருக்கு உலகமே பனிமூட்டம். அரைத் தூக்கத்தில் சுவரைத் தடவிக்கொண்டே பாத்ரூமுக்குப் போவார், பல் தேய்ப்பார், முகம் கழுவுவார். பிறகு மேசைக்கு வந்து கண்ணாடியை மாட்டி, கூண்டைத் தூக்கி பிரஷ்ஷைத் தொட்டுப் பார்ப்பார்.

"பார்த்தியா, ஒரு சொட்டு ஈரம் கிடையாது! அதுக்குள்ள காஞ்சிருச்சு!"

"உங்க சாமர்த்தியமே சாமர்த்தியம்" என்பாள் மனைவி.

வாசற்படியில் நிற்கும் மச்சினன் வாயைத் திறப்பான். அவர் முகத்தில் வழிகிற சந்தோஷத்தைப் பார்ப்பான். மூடிக்கொள்வான்.

மாதம் முடிந்தது. மறுபடியும் அதே நாற்காலி. டாக்டரம்மா விளக்கைத் திருப்பி உற்றுப் பார்த்தார். பல்லை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"அட! ஈறு ரோஜாப்பூ மாதிரி ஆயிருச்சே. பல்லு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மெத்துன்னு ஒரு பிரஷ்ஷா மாத்திட்டீங்களா?"

"பிரஷ்ல என்ன இருக்கு டாக்டரம்மா, வைக்கிற இடத்துல இருக்கு!" என்று கூண்டின் கதையைச் சொன்னார். கேட்டு அசந்துபோன டாக்டரம்மா, "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார்.

அவர் வீடு திரும்பிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தெருமுனையிலேயே சீட்டி. படியெல்லாம் சீட்டி. அதைக் கேட்ட மனைவி பழைய நினைப்பில் ஜன்னலைத் திறந்துவிட்டாள். தையல்காரம்மா கைதட்டிக்கொண்டே மேலே வந்தாள்.

"எனக்கும் ஒரு கூண்டு வேணும். என் தலைக்கும் அதுதான் பாதுகாப்பு."

கடிகாரக்காரர் கூண்டை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். "எல்லாம் இதோட மகிமை! ஒரு மாசம், ஒரு கிருமியால இதை அண்ட முடிஞ்சுதா?"

அப்போதுதான் மச்சினன் தொண்டையைச் செருமினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தான், பல்லுதான் பிழைச்சிருச்சே, நாளையிலேருந்து டம்ளர்ல இருக்கிற என் பிரஷ்ஷை எனக்கே விட்டுடுங்க, ஒரு மாசமா நான் விரலாலதான் தேய்க்கிறேன்."

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் பல் ஆடாமல் இருக்கட்டும், சீட்டி ஓயாமல் கேட்கட்டும், விட்டுக்கொடுக்க இப்படி ஒரு மச்சினனும் வாய்க்கட்டும்.