கைடு மாப்பிள்ளைக்கு என் ஆட்சேபணை

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லாம் சௌக்கியம். அங்கே உன் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தைப் பிரித்த கையோடு படித்தேன். 'கூட்டத்துக்கு முன்னால் என் பிள்ளையின் மானத்தை வாங்கிய அந்தத் தாய்மாமன் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் மேற்கொண்டு பேச்சு' என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டதாகவும், நான் கேட்காவிட்டால் உன் மகளின் கல்யாணம் நின்றுபோகும் என்றும், அந்தப் பாவம் என் தலையில்தான் விடியும் என்றும் எழுதியிருக்கிறாய். விடியட்டும். கேட்க மாட்டேன். இந்த ஜன்மத்தில் கேட்க மாட்டேன்.

"பையனை ஒரு எட்டு பாத்துட்டு வாண்ணா, உன் கண்ணுக்குத் தப்பாது" என்று என்னை அனுப்பியது யார்? நீ. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆயுள் முழுக்க நான் பார்த்த வேலை என்ன? தீப்பிடித்தது, திருடு போனது, தண்ணீரில் மூழ்கியது என்று வருகிறவர்களின் கதையை நம்பாமல் இருப்பது. அதற்காகத்தான் சம்பளமே கொடுத்தார்கள். அப்படிப்பட்டவனை, பழைய துறைமுகத் தெருக்களில் ஊர் பார்க்க வருகிறவர்களை நடக்கவைத்துக் கதை சொல்லிப் பிழைக்கிற ஒரு கைடிடம் அனுப்பிவிட்டு, "வாயை மூடிக்கிட்டு வந்திருக்கக் கூடாதா" என்று கேட்டால் என்ன நியாயம்?

நான் யாரென்று தெரியக்கூடாது என்று தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் பக்கத்து வீட்டுக் கேமரா எல்லாம் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நின்றேன். பையன் ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், அதை மறுக்கவில்லை. பழைய சுங்க ஆபீஸ் வாசலில் நிறுத்தி, கடத்தல்காரர்கள் இதன் அடியிலிருந்து கடல் வரைக்கும் சுரங்கம் தோண்டியிருந்தார்கள் என்று ஆரம்பித்தான். கடல் மட்டத்துக்குக் கீழே தோண்டினால் தண்ணீர் வந்துவிடாதா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "வந்துச்சு சார், அதனாலதான் தொழிலை விட்டுட்டாங்க" என்றான். கூட்டம் சிரித்தது. எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது. அடுத்து ஒரு வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டையைக் காட்டி, பீரங்கிக் குண்டு துளைத்தது என்றான். குண்டு துளைத்த ஓட்டை இத்தனை வட்டமாகவா இருக்கும்? குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள். சோப்புத் தண்ணீர் என் மூஞ்சியில் வந்து விழுந்தது. அது சாக்கடை ஓட்டை என்பது நிரூபணமாகிவிட்டது அல்லவா, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு மாடி ஜன்னல். கப்பல் கேப்டனின் மனைவி அங்கே நின்றுதான் புருஷன் வருகிற கப்பலைப் பார்த்துப் பார்த்து அழுதாளாம். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கோடவுன் சுவர் மலை மாதிரி நிற்கிறது. "இங்கேருந்து கடலே தெரியாதேப்பா" என்றேன். "கோடவுன் அப்புறம் கட்டினது சார். அதைக் கட்டின அன்னைக்குத்தான் அந்தம்மா நெசமாவே அழுதாங்க" என்கிறான், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. புளுகினாலும் பொருந்தப் புளுகு என்பார்கள், இவன் பொருத்துவதற்கென்றே பிறந்திருக்கிறான். இவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் உண்மையாக வராது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

அதனால்தான், படகுத் துறைக்கு வந்ததும், "இந்தத் தடுப்புக் கம்பில மட்டும் யாரும் சாயாதீங்க, துருப்பிடிச்சுப் போச்சு" என்று அவன் சொன்னபோது நான் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

தண்ணீர் ஆழமில்லை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். விழுந்தவனைக் கேட்க வேண்டும். மேலே எல்லோரும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தொபீர் என்ற சத்தத்துக்குத்தான் திரும்பினார்களாம். நான் இரண்டு வாய் குடித்து முடிப்பதற்குள் அந்தப் பையன் செருப்போடு குதித்து என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். தூக்கும்போது காதோரமாய், "பயப்படாதீங்க மாமா, மூச்சை விடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான். மாமா! ஆரம்பத்திலிருந்தே நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறான்.

கரையேறியதும் என்ன செய்தான் தெரியுமா? "ஒரு குழந்தை விளிம்புக்கு ஓடிருச்சு, இவரு அதைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்து விட்டுட்டு, தான் விழுந்துட்டாரு" என்று கூட்டத்திடம் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, "எம் புள்ளையைக் காப்பாத்தினீங்களே ஐயா" என்று என் காலைத் தொட்டாள். அவள் பிள்ளை முதலிலிருந்து கடைசிவரை அவள் இடுப்பில்தான் இருந்தது. நான் ஒப்புக்கொள்வேனா? "நானாத்தான் விழுந்தேன், இவன் சொல்றது சுத்தப் பொய், காலையிலேருந்து சொன்னது எல்லாமே பொய்" என்று ஈரத்தோடு நின்று கத்தினேன். டிக்கெட் கொடுக்கிற அம்மாள் ஓடிவந்தாள். அவள் வழியாகத்தான் விஷயம் மாப்பிள்ளையின் அம்மா காதுக்குப் போயிருக்கிறது.

நீயே சொல், நீந்திக்கொண்டே பொய் ஜோடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்கலாமா? இந்த ஊரிலேயே வேலை பார்க்கிற உன் மகளிடமே இதைக் கேட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, நீங்க ஊரெல்லாம் உண்மையைத் தேடிக் கண்டுபிடிச்சீங்களே, அதனால ஒருத்தர் முகமாவது சிரிச்சுதா? அவர் உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் சொன்னாரு. நீங்க அவர் மானத்தை வாங்கிட்டு வந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், அதோடு என்னோடு பேசவில்லை. தூக்கி வளர்த்த பெண். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்காக உண்மை பொய்யாகிவிடுமா? மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்யாணம் நடந்தால் நடக்கட்டும், நின்றால் நிற்கட்டும், நான் சொன்னது சொன்னதுதான்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தலை வணங்காத உன் அண்ணன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடப் போகிற வழியில் படகுத் துறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அந்தக் கம்பியைச் சரிசெய்தார்களா என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை. அங்கே மாப்பிள்ளையின் அம்மாவே வந்து நிற்கிறார், பக்கத்தில் பையனும் உன் மகளும். "ஒரு குழந்தையைக் காப்பாத்தப் போய்த்தான் நீங்க விழுந்தீங்கன்னு எம் பையன் சத்தியம் பண்றான். டிக்கெட் அம்மா வேற மாதிரி சொல்றாங்க. நெசத்தைச் சொல்லுங்க, எம் பையன் பொய்யனா?" என்று கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கிற அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உன் மகள் முகம் வெளுத்துவிட்டது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தப்பாத்தான் சொல்லியிருக்காரு. ஒரு குழந்தை இல்லீங்க, ரெண்டு" என்றேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "தெரியாம பேசிட்டேன், நீங்கதான் மன்னிக்கணும்" என்றார். மன்னித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டது அவர்கள், நானல்ல, அதை மறந்துவிடாதே. தேதி பார்க்கச் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று: ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லித்தான் எத்தனையோ பேர் என்னிடம் மாட்டிக்கொண்டார்கள். அதனால் யார் கேட்டாலும் ரெண்டு குழந்தை என்றே சொல். இரட்டைப் பிள்ளைகள்.