மதியத் தூக்கம் மொத்தமும் விற்றுப்போன விவரம்

தியாகராய நகர்,
திங்கள், கடை திறக்குமுன்

மரியாதைக்குரிய மச்சான் சுயம்புலிங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை தங்கத்தைக் கட்டிய சண்முகசுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். நங்கநல்லூரில் ஸ்வர்ணலதா அக்காவின் முழங்கால் நலமா? போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இது தெருவே கேட்கிற சங்கதி இல்லை.

சனிக்கிழமை தங்கம் என்னை இழுத்துப்போன மயிலாப்பூர் மண்டபம் ஒன்றில், முன்பின் தெரியாத ஒரு பெண் என்னிடம் வந்து, "அங்கிள், கொஞ்சம் கண்ண மூடுங்களேன்" என்று கேட்டது. மூடினேன். வாயும் லேசாகத் திறந்திருக்க வேண்டும் என்றது. திறந்தேன். சுற்றி நின்றவர்கள் கையிலிருந்த புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, அவரேதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு இது தேவையா மச்சான்?

எல்லாம் உங்கள் மருமகள், நான் பெற்ற மகள் செய்த வேலை. நிலா ஆபீஸ் வேலையை விட்டதும் நான் கத்தியதும் உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவது, நான் லைனிங் துணி அளந்து கிழிப்பதைவிடக் கணக்கு. மதியச் சாப்பாட்டை மட்டும் கடைக்குக் கொண்டுவருவாள். நான் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்வேன். டப்பாவை எடுத்துப்போக வேண்டுமே என்று எதிரே உட்கார்ந்திருப்பாள். போனைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தது என்னை. நான் தூங்குவதைத் தினம் தினம் வரைந்து, 'மதியம்' என்று புத்தகமே போட்டுவிட்டாள்.

அச்சடித்தது அடையாறில், அவள் சிநேகிதி ஜுவேரியா வீட்டு மாடியில். அந்த அச்சு மிஷின் பார்க்க ஜெராக்ஸ் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஒரு தடவைக்கு ஒரு கலர்தான் அடிக்கும். ரோஸ் ஒருமுறை, அதே தாளில் நீலம் மறுமுறை. மடிப்பது, நடுவில் தைப்பது, சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த மண்டபத்தில் மேஜை போட்டு விற்பது எல்லாம் அவர்களேதான். தைத்த நூல் நம் கடை நூல். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்த புத்திசாலி நான். ரோஸும் நீலமும் சரியாகப் பொருந்தாமல் என் மீசை ஒரு பக்கமாக நகர்ந்து கன்னத்தில் நிற்கிறது. பிசகியிருக்கிறதே என்று ஜுவேரியாவிடம் கேட்டால், அந்தப் பிசகில்தான் உயிர் இருக்கிறதாம். சேலைக் கரை இப்படி நகர்ந்திருந்தால் நான் சரக்கையே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இது எதிர்க்கடைக் கதிரேசன் கையில் கிடைத்தால் என்ன ஆவது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு டிசைன் அடுத்த கடைக்குப் போகக்கூடாது என்றால், வந்த சரக்கை மொத்தமாக எடுத்துவிட வேண்டும். நேற்று லோடு ஆட்டோ துரைராஜை அனுப்பினேன். அவர் கடைக்கு வருவது காலையில், நிலா வருவது மதியம். முகப் பழக்கம் கிடையாது. மனிதர் மனைவி, மாமியார், மச்சினன் என்று ஆள் மாற்றி ஆள் அனுப்பி, டஜனாக எடுத்தால் குறைப்பாயா என்று பேரமும் பேசி, மேஜையையே துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். புத்தகக் கட்டை இறக்கி வைத்தவர் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாச்சி, சோக்கா தூங்கிக்கினு கீற. இத்த போயி ஏன் ஒளிக்கிற?" என்றார்.

சாயங்காலம் நிலா வந்தாள். பல மாதத்துக்குப் பிறகு நேரே என்னிடம் வந்தாள். "அப்பா, எல்லாம் தீந்துபோச்சுப்பா. ஆட்டோ ஓட்டுறவர் ஒருத்தர் குடும்பத்தோட வந்து வாங்கினாரு. இந்த மாதிரி மனுஷங்க கைக்குப் போகணும்னுதாம்ப்பா வேலைய விட்டேன்." மறுபதிப்பு இதைப்போல் இரண்டு மடங்கு போடுகிறார்களாம். வாங்கியது நான்தான் என்று தெரிந்தால் அந்த முகம் என்ன ஆகும் மச்சான்?

இதில் இன்னொரு கூத்து. சனிக்கிழமையே விற்றுத் தப்பிப்போன பிரதி ஒன்றோடு இன்று காலை கதிரேசனே வந்து நின்றான். மானம் போயிற்று என்று நினைத்தேன். அவன் குறை வேறு: "நானுந்தான் மத்தியானம் தூங்குறேன் அண்ணாச்சி, உங்களவிட கூடத்தான் தூங்குறேன். பாப்பா கண்ணுக்கு எதுத்த கடை தெரியலையா?"

ஆகையால் துரைராஜ் கொண்டுவரும் கட்டை உங்கள் வீட்டுப் பரணில் போட்டு வையுங்கள். பிரிக்க வேண்டாம். பிரித்தால் அக்கா கோயிலில் கூடும் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். நிலா கேட்டால் தீபாவளிக்கு வந்த ரவிக்கைத் துணி என்று சொல்லுங்கள். உங்களுக்கும் அக்காவுக்கும் ஆஞ்சநேயர் குறையில்லாத பலம் தரட்டும், முக்கியமாகப் பரண் ஏறும் காலுக்கு.

இப்படிக்கு,
தூக்கத்தால் பேர்பெற்ற
சண்முகசுந்தரம்

பி.கு.: மேலே தூங்கினேன் தூங்கினேன் என்று எழுதியதெல்லாம் முதல் இரண்டு நாளைக்குத்தான் பொருந்தும். மூன்றாம் நாள் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டு விழித்துக்கொண்டேன். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு படத்தில் என் மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கிறது, அது நிஜ ஈ. அதையும் பொறுத்துக்கொண்டுதான் கிடந்தேன். திறந்தால் பென்சிலைப் பையில் போட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை.