பொருத்தம் பார்த்த மருந்து

லண்டனில் ஆங்கில மருத்துவத்துக்கும் சீன வைத்தியத்துக்கும் சம்பந்தம் பேசிய ஒரே மனிதர் எங்கள் பஸ் டிப்போவில்தான் இருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஓய்வு நாள்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாதகம் பார்ப்பதால் பொருத்தம் அண்ணை.

ஒரு குளிர்காலம் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. சேர்ட் பொத்தானே போட முடியவில்லை, ஸ்டியரிங்கை எங்கே பிடிப்பது? மூட்டுவாதம் என்றது ஆஸ்பத்திரி. மூன்று மாதத்தில் கை சரிவராவிட்டால் வேலை இல்லை என்றது டிப்போ.

"இருபது வருசம் ஓட்டினனான். என்னை வீட்டிலை இருத்தேலாது," என்றார்.

ஆஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை விழுங்கும் குளிசை கொடுத்தார்கள். ஆர்ச்வேயில் ஒரு சீன வைத்தியர் அம்மா ஊசி குத்தி, கசாயப் பொட்டலமும் கொடுத்தார். மற்றவர்கள் என்றால் இரண்டையும் கமுக்கமாக விழுங்கியிருப்பார்கள். இவர் பொட்டலத்தைத் தொடவே மாட்டேன் என்றார்.

"குடிச்சுப் பாருங்கோ அண்ணை. ஏதும் செய்தால் விடலாம்," என்றேன்.

"கட்டிவைச்சுப்போட்டே பொருத்தம் பாக்கிறது?"

ஆஸ்பத்திரிக்கு என்னையும் இழுத்துப் போனார். டொக்டரின் மேசையில் வேர் ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம், நடுவில் குளிசைப் பெட்டி. எனக்கு மானம் போயிற்று. அவரோ சீன அம்மாவுக்குப் போன் போட்டு, டொக்டரின் கையில் திணித்துவிட்டார். இருவரும் கால் மணி நேரம் கதைத்தார்கள். அண்ணை பெண்வீட்டார் போலக் கைகட்டி நின்றார்.

ஊசி குத்தலாம், கசாயம் வேண்டாம் என்று முடிவானது. அதிலிருந்த ஒரு வேர் குளிசையோடு சேர்ந்தால் ஈரலைக் கெடுக்குமாம்.

"பாத்தியே, தோசம் கிடந்திருக்கு," என்றார். குடிக்கச் சொன்ன நான் வேரையும் பட்டையையும் அவசரமாகப் பொட்டலத்தில் கட்டினேன்.

பிறகு குளிசை, ஊசி, இரத்தச் சோதனை, ஒன்றும் தவறவில்லை. கன்டீனுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரித் திருப்பிப் பழகினார். குழம்பு யார்மேல் தெறித்தாலும் நிறுத்தவில்லை. டிப்போ வைத்த மூன்றாம் மாதச் சோதனையில் கை தேறியது.

எதனால் சுகம் வந்தது என்று கேட்டோம்.

"குடும்பம் நல்லா நடந்தால், மாப்பிளையாலையோ பொம்பிளையாலையோ எண்டு கேக்கிறனியளோ?"

அவர் மறுபடி பஸ் எடுத்த அன்று எனக்கு விடுமுறை. ஆனாலும் போய் ஏறினேன்.

"எங்கை போறாய்?"

"ஹரோவிலை ஒரு அலுவல் அண்ணை."

அலுவல் ஒன்றும் இல்லை. கடைசித் தரிப்புவரை அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு போனேன்.