மாஸ்டர் மாறிட்டாரு

பெருநகரத்தில் அலுவலகக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் வட்டாரம் எதுவானாலும் சரி, அங்கே ஒரு ஜீவன் கட்டாயம் வசிக்கும். "இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று நடைபாதையில் நின்று மெல்ல முனகிப் பாருங்கள், எங்கிருந்தாலும் ஓடி வந்து உங்கள் தோளில் கை போடும். சாப்பாட்டு வழிகாட்டி என்பது அதன் பெயர். சம்பளம் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, கேட்காதவருக்கும் வழி காட்டும்.

எங்கள் கட்டடத்து வழிகாட்டிக்கு மூன்றாவது மாடியில், காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. ஆறு மாடிக்கும் அவர் 'நாக்கு அண்ணன்'. அவரிடம் போய் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் கண்ணை மூடுவார். பிறகு, "என்னைக்கு?" என்பார். இன்றைக்குத்தான் என்றால் முகம் வாடிவிடும்.

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமையாச்சே. செவ்வாய்க்கிழமை அங்க போறவன் மனுஷனா?"

கடையின் பெயரைச் சொல்ல மாட்டார். பெயர்ப்பலகை இருக்கும் கடைகளில் சாப்பிடுவது விவரம் தெரியாதவர்களின் வேலை என்பது அவர் கட்சி. செருப்புக் கடைக்கும் சாவி செய்பவருக்கும் நடுவே ஒரு சந்து, அதில் மூன்றாவது கதவு, அழைப்பு மணியை அடிக்கக் கூடாது, தட்ட வேண்டும், பன்னிரண்டே முக்காலுக்குள் போய்விட வேண்டும், மின்விசிறிக்குக் கீழே உட்காரக் கூடாது, பட்டியலில் இருப்பதைக் கேட்கவே கூடாது, இல்லாததைத்தான் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் சாப்பாட்டு நேரம் முடிந்து மணி இரண்டாகிவிடும். பசியோடு வேலைக்குத் திரும்புவீர்கள். ஆனால் விவரம் தெரிந்தவராகத் திரும்புவீர்கள்.

சரி, இவ்வளவு சொல்கிறவர் எங்கே சாப்பிடுகிறார்? அதைக் கேட்காதீர்கள். இரண்டு வருடமாக அவருக்கு வயிற்றுப் புண். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணி கட்டிக்கொடுத்த வேகவைத்த பூசணிக்காயை ஸ்பூனால் தின்கிறார்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருந்தது. ஏழு மேஜை. கல்லாவில் மனைவி, அடுப்படியில் கணவர். பத்தொன்பது வருடமாக அந்தக் கணவர்தான் அங்கே மாஸ்டர். அந்தக் கடையை நம்பித்தான் அவர்களுக்கு வாடகை, மகளின் படிப்பு எல்லாம். ஒரு நாள் நாக்கு அண்ணன் என்ன நினைத்தாரோ, இறங்கி வந்து சூப் கேட்டார்.

"உப்பு வேண்டாம்மா. மிளகு கூடாது. எண்ணெய் ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

அந்த அம்மாளும் அப்படியே செய்யச் சொல்லி வாங்கிக் கொடுத்தார். அண்ணன் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், ஸ்பூனைக் கீழே வைத்தார். உப்பும் மிளகும் எண்ணெயும் இல்லாத வெந்நீர் வேறு எப்படி இருக்கும்? லிப்டில் ஏறும்போது தீர்ப்பு வந்துவிட்டது.

"பழைய ருசி இல்லப்பா. மாஸ்டர் மாறிட்டாரு."

அவ்வளவுதான். மறுநாள் இரண்டு மேஜை காலி. அந்த வாரக் கடைசியில் நாலு மேஜை காலி. நான்காவது மாடித் தட்டச்சுக்காரப் பெண் கல்லாவில் நின்று ஆறுதலாகவே கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க மாஸ்டர் வேலையை விட்டுட்டாராமே?"

"என் வீட்டுக்காரர்தாம்மா மாஸ்டர். என்னை விட்டுட்டு அவர் எங்க போவாரு? உள்ளதான் வெந்துக்கிட்டு இருக்காரு."

அந்தப் பெண் நம்பினாளா? எல்லாரும் சொல்வதை நம்புவாளா, கட்டியவள் சொல்வதை நம்புவாளா! தலையை ஆட்டிவிட்டு ரொட்டி வாங்கித் தின்ன எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள்.

அந்த அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கணவரை அடுப்படியிலிருந்து இழுத்து வந்து கடை வாசலில் நிறுத்தினார். மனிதர் கூச்ச சுபாவம். கரண்டியும் கையுமாக, வேர்த்த முகத்தோடு, போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்த்து, "நான்தாங்க மாஸ்டர், மாறலைங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றார். தினமும் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை, மதியக் கூட்டம் வருகிற நேரம் முழுக்க நின்றார்.

மாஸ்டர் வாசலில் நின்றால் அடுப்பில் யார் நிற்பது? முதல் நாள் மீன் கருகியது. இரண்டாம் நாள் சோறு குழைந்தது. மூன்றாம் நாள் அடிபிடித்த வாடை படியேறி மூன்றாவது மாடிக்கே வந்துவிட்டது. நாக்கு அண்ணன் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

இரண்டு மாதத்தில் கடையை மூடிவிட்டார்கள். கடைசி நாள் அந்த அம்மாள் மேஜைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். எனக்கு மனசு ஆறவில்லை. மாஸ்டர் இப்போது நகரத்தின் மறு கோடியில், ஏதோ ஆஸ்பத்திரி கேன்டீனில் நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாராம். தரைத்தளத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். புதிதாக வேலையில் சேர்கிறவர்களை நாக்கு அண்ணன் அந்த வாசலில் நிறுத்தி, "இங்க ஒரு கடை இருந்துச்சு தம்பி, என்ன கைப்பக்குவம்! உங்களுக்கெல்லாம் கொடுத்து வைக்கல" என்று உருகுகிறார்.

பழியை அவர் தலையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்று லிப்டில் இருந்தது என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஆறு மாடியும் அல்லவா கடையைக் கைவிட்டது? மற்றவர்களிடம் யார் சொன்னது? நான் நாலு பேரிடம் சொன்னேன். சொல்லும்போது அந்தக் கடை மீனைத் தின்ற கையைக்கூட நான் இன்னும் கழுவியிருக்கவில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்துவிட்டீர்கள், சந்தோஷம். போன வாரம் உங்கள் தெருமுனைக் கடை எப்படி என்று ஒருவர் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? உதட்டைப் பிதுக்கி, "முன்ன மாதிரி இல்லைங்க" என்றீர்கள். அவரும் பாவம், திரும்பிப் போய்விட்டார். அது சரி, முன்னே எப்போது அங்கே சாப்பிட்டீர்கள்?