முட்டை சூப்பும் வாசனை அதிகாரியும்

சோள மாவு கட்டி தட்டிவிட்டது. கஸ்பார் கரண்டியால் ஒரு கட்டியை நசுக்கினால், பக்கத்தில் இன்னொன்று எழும்பி வந்து நின்றது.

ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். சரக்கு நிரம்பிய கண்டெய்னரை லாரி மேல் சத்தம் வராமல் இறக்கி வைப்பான். அப்பேர்ப்பட்ட கை ஒரு கரண்டி மாவிடம் தோற்றது. தோற்காமல் என்ன செய்யும்? உள்ளே கட்டிலில் அவன் மனைவி ஷைனி படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய பெட்டி, துணி அடுக்கிப் பூட்டியபடி நின்றது.

ஷைனிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. கஞ்சி குடித்தாள், வாந்தி. இட்லி தின்றாள், வாந்தி. எல்லாம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கம்பெனியின் கைங்கரியம். நேரம் காலம் பார்க்காமல் கழிவு வாயுக் குழாயைத் திறந்துவிடுவார்கள். அழுகின முட்டை நாற்றம் வந்து தெருவை மூடிக்கொள்ளும். திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே குடலைப் புரட்டும் என்றால், காய்ச்சலில் கிடந்தவள் பாவம் என்ன செய்வாள்? அவள் வள்ளூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போவதாக முடிவு செய்துவிட்டாள்.

"வள்ளூர்ல மட்டும் இன்னா வாழுதுன்ற? சோத்துல பவர் ஹவுஸ் சாம்பல் வந்து வுழும்" என்றான் கஸ்பார்.

"சாம்பல ஊதிட்டுத் துன்னலாம். நாத்தத்த ஊத முடியுமா?"

கோபம் தணிந்த பிறகு அவளே ஒன்று சொன்னாள். சாயங்காலத்தில் தள்ளுவண்டிக்காரன் மிளகுத் தூள் போட்டுச் சூடாகத் தருவானே, அந்த சைனீஸ் முட்டை சூப்பு, அது என்றால் இறங்கும்போல் இருக்கிறது என்றாள். தள்ளுவண்டி வருகிற நேரத்தில்தான் வள்ளூர் பஸ்ஸும் வரும். அதனால் கஸ்பார் தானே வைப்பதாகச் சொல்லி அடுக்களைக்குள் போனான். சூப்பு உள்ளே போய் நின்றுவிட்டால் பெட்டி பரணுக்குப் போகும். இல்லாவிட்டால் பஸ் ஏறும். ஷைனி இல்லாத வீட்டில் தன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வராமல்தான் சூப்பு வைக்க வந்திருந்தான்.

தள்ளுவண்டிக்காரன் போனில் சொன்ன வழி சுலபம்தான். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும், முட்டையை அடித்து நூல் மாதிரி விட வேண்டும். பச்சைத் தண்ணீர் என்கிற இடத்தில் கஸ்பார் கவனம் தப்பி, மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டிருந்தான்.

கட்டியை எடுக்க டீ வடிகட்டியில் வடித்தான். காலையில் போட்ட டீத்தூள் அதில் ஒட்டியிருந்தது, சூப்புக்கு டீ நிறம் வந்தது. சோயா சாஸ் ஊற்றி அதை மறைத்தான். நீர்த்துப்போயிற்று என்று இன்னும் மாவு போட்டான், போஸ்டர் ஒட்டுகிற பதத்துக்கு வந்தது. தண்ணீர் விட்டான், பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. கிறிஸ்மஸுக்கு மட்டும் இறக்குகிற பெரிய பாத்திரத்தை இறக்கி அதில் மாற்றினான். இப்போது தெருவே குடிக்கலாம். வீட்டில் இருந்த இரண்டு முட்டையை உடைத்து விட்டான். அவை அந்தக் கடலில் எங்கே போயின என்றே தெரியவில்லை.

எதிர்வீட்டுக் கெங்கம்மாவின் பெட்டிக்கடைக்கு ஓடினான். ஷைனிக்கு என்றதும் கெங்கம்மா இருந்த முட்டையை எல்லாம், உள்ளே மூலையில் கிடந்த பழைய அட்டையோடு சேர்த்து எடுத்துக் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தெருவில் முட்டை கெட்டுப்போனால் யாருக்குத் தெரியும்?

கஸ்பார் ஒரு சொம்பில் முட்டைகளை உடைத்து ஊற்றினான். அடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தானாகவே கலங்கி நீராக விழுந்தது. கை பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டான். கருப்பாக இருந்ததைப் பார்த்து, சொம்பிலும் சாஸ் ஊற்றிவிட்டோமோ என்று நினைத்தான். அப்போது குப்பென்று நாற்றம் அடித்தது.

"ஆரம்பிச்சுட்டானுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டே முட்டையைக் கொதிக்கிற சூப்பில் நூல் மாதிரி விட்டான். நூல் நன்றாகவே வந்தது. நாற்றம் இன்னும் நன்றாக வந்தது.

"இன்னாங்க இது, இன்னிக்கு இவ்ளோ ஜாஸ்தியா கீது?" என்று ஷைனி உள்ளேயிருந்து ஈனஸ்வரத்தில் கேட்டாள்.

கஸ்பார் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினான். கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தான். கம்பெனி நாற்றத்துக்குத் தெருவே கண்டுபிடித்த வைத்தியம் அது. என்றைக்கும் கொஞ்சமாவது கேட்கும். இன்றைக்குச் சாத்தச் சாத்த நாற்றம் ஏறியது. ஷைனி குமட்டிக்கொண்டே எழுந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டான். அவ்வளவுதான், தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாற்றத்தைக் கண்டதில்லை என்றார்கள். கெங்கம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தாள். "கூப்புடு நைனா அந்த ஆபீசர. இன்னிக்கு ஆப்டுக்கினான்."

ஆபீசர் என்றால் கம்பெனியின் வாசனை அதிகாரி சங்கரநாராயணன். புகார் போனால் அவர்தான் ஜீப்பில் வருவார். தெரு நடுவில் நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே" என்பார். அவர் ஜீப் கிளம்பும்போதே கம்பெனியில் குழாயை மூடிவிடுகிறார்கள் என்பது தெருவின் கணக்கு. நல்ல மனுஷர்தான். போன தடவை, ஒரே ஒரு முறை தன் மூக்குக்கு வரட்டும், மறுநாளே குழாயை மாற்ற வைக்கிறேன் என்று தாயார் மேல் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தார்.

கஸ்பார் போன் செய்தான். ஜீப் வருவதற்குள் ஷைனிக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடலாம் என்று அடுக்களைக்குள் போய், பாத்திரத்தின் மேல் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கம்பெனி அன்றைக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. எல்லாம் அந்தப் பாத்திரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவன் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மன்றாட்டு ஜெபம் வாசிக்கிறவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. சூப்பைக் கொட்டினால் நாற்றம் போய்விடும். ஆபீசர் வழக்கம்போல் ஒண்ணும் தெரியலையே என்பார், ஷைனி பஸ் ஏறிவிடுவாள். கொட்டாவிட்டால் குழாய் மாறும், ஷைனி இருப்பாள். ஆனால் அது ஊரை ஏமாற்றுவது. கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டு யோசித்தான். தினமும் வருகிற நாற்றம் நிஜம்தானே? இன்றைக்கு அது லீவு போட்டிருக்கிறது, அதற்கு பதிலாக என் சூப்பு டியூட்டி பார்க்கிறது. இதில் பொய் எங்கே இருக்கிறது? இப்படித் தனக்குத் தானே சொல்லிவிட்டு, மனசு கனக்க, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டான்.

ஜீப் வந்தது. டிரைவர் வெள்ளத்துரை இறங்கிய உடனே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். தெரு அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. சங்கரநாராயணன் நிதானமாக இறங்கி, கஸ்பார் வீட்டு வாசலுக்கு நேராக நின்றார். கண்ணை மூடினார். நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார்.

குழாயை மூடிவிட்டார்கள் என்று சொல்லக்கூட இன்றைக்கு வழியில்லை. குழாய் கஸ்பார் வீட்டு அடுப்பிலல்லவா இருக்கிறது! வாசற்படியில் ஷைனி பெட்டியோடு வந்து நின்றிருந்தாள். அவனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே ஓடினான். ஒரு கிண்ணம் நிறையச் சூப்பை மொண்டுவந்து ஆபீசர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இப்ப சொல்லு சார். நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

சங்கரநாராயணன் கிண்ணத்தைப் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது. இந்தத் தெருவுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார், ஒரு வாய் தண்ணீர் கொடுத்தவர்கூட இல்லை.

"எனக்கா? காலையிலேர்ந்து சாப்பிடவே இல்லை" என்று வாங்கி, ஊதி, ஒரே மூச்சில் பாதிக் கிண்ணத்தைக் குடித்துவிட்டார். "தொண்டைக்கு இதமா இருக்கு. வீட்ல வெச்சதா?"

கெங்கம்மா திரும்பி நின்று ஓங்கரித்தாள். கஸ்பார் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினான். பொய்யும் சாமர்த்தியமும் அந்த நிமிஷமே அவனை விட்டுப் போய்விட்டன.

"வோணாம் சார், குடிக்காத. முட்ட கெட்டுப்போச்சு சார். இன்னிக்கு நாத்தமே இதுலருந்துதான் சார்."

சங்கரநாராயணன் கிண்ணத்தையும் கஸ்பாரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணை மூடி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"அப்படியா? ஒண்ணும் தெரியலையே" என்றார், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

ஷைனி பெட்டியைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, கைக்குட்டைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற வெள்ளத்துரையிடம் போய், உங்க சாருக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொரோனாவுல போன மூக்கு, இன்னிவரைக்கும் திரும்பலம்மா" என்றார் வெள்ளத்துரை. "அது தெரிஞ்சப்புறந்தான் கம்பெனியில சாரைக் கூப்பிட்டு இந்த வேலையக் குடுத்தாங்க."